எந்தத் தசையை எடுப்பீர்கள்?

மார்பில் இருப்பது புற்றுநோய்தான் என்று பயாப்சி முடிவு வந்த அன்று மருத்துவரிடம் நான் கேட்ட முதல் கேள்வி கையைப் பற்றியது. "ஆபரேஷன் பண்ணினா இந்தக் கை என்ன ஆகும் சார்?" நான் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை என்று அவர் நினைத்துவிட்டார். "கையில ஒண்ணும் இல்லம்மா, மார்புலதான்" என்று குழந்தைக்குச் சொல்வதுபோல மெதுவாகச் சொன்னார். எனக்கு நன்றாகவே புரிந்திருந்தது. 51 வயது எனக்கு. இரண்டு வயதில் போலியோ வந்து இரண்டு கால்களிலும் பலம் போனவள். வலது காலில் தொடைவரை காலிப்பர், இரண்டு கக்கத்திலும் கட்டை. நான் நடப்பது காலால் அல்ல, தோளால். மார்பில் கத்தி வைத்தால் தோளும் கக்கமும் என்ன ஆகும் என்பது மற்ற பெண்களுக்குக் கூடுதல் தகவல். எனக்கு அதுதான் விஷயமே.

என்னைப் போன்றவர்கள் இப்போதுதான் இந்த வயதுக்கு வந்து சேர்கிறோம். நம் நாட்டில் குழந்தைகளுக்கான தடுப்பூசித் திட்டம் தொடங்கியது 1978-ல். நான் அதற்கு முன்பே காய்ச்சலில் விழுந்து எழுந்துவிட்டேன். 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தின் ஹவுரா மாவட்டத்தில் ஒரு குழந்தைக்கு வந்ததோடு இயற்கையாகப் பரவும் போலியோ இங்கே நின்றது. 2014 மார்ச்சில் உலக சுகாதார நிறுவனம் சான்றிதழ் கொடுத்தது. நல்ல செய்திதான். அதன் மறுபக்கம், இன்று முப்பது வயதில் இருக்கும் மருத்துவர் போலியோ உடம்பைப் பாடப்புத்தகத்தில் மட்டும்தான் பார்த்திருப்பார். எழுபதுகளிலும் எண்பதுகளிலும் காலிப்பர் மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போன பெண்பிள்ளைகள் இப்போது ஐம்பதைத் தாண்டிக்கொண்டிருக்கிறோம். இந்தியப் பெண்களுக்கு வரும் புற்றுநோய்களில் முதலிடம் மார்பகப் புற்றுநோய்க்கு. போலியோ வந்தவளுக்கு அது வராது என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. மருத்துவமனைகளைக் கட்டியவர்கள் மட்டும் அப்படி நினைத்துத்தான் கட்டியிருக்கிறார்கள்.

மேமோகிராம் எடுத்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அந்த இயந்திரத்தின் முன்னால் நின்று, மார்பைத் தட்டில் வைத்து, தோளைத் தளர்த்தி, ஒரு கையால் பக்கத்துக் கம்பியைப் பிடிக்க வேண்டும். "கட்டைய வச்சிட்டு நேரா நில்லுங்க" என்றாள் அந்தப் பெண். கட்டையை வைத்துவிட்டால் நான் நிற்க மாட்டேன், விழுவேன். உட்கார வைத்து எடுக்கலாம், இயந்திரத்தை இறக்கலாம் என்று நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. ஸ்டூலுக்கு முதுகுச் சாய்வு இல்லை. என் அக்கா பின்னாலிருந்து என்னைப் பிடித்துக்கொள்ள, அவளுக்கு ஈய அங்கி தேட, ஒரு மணி நேரம் ஆனது. 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், அரசு மருத்துவமனையோ தனியார் மருத்துவமனையோ எல்லாப் பகுதிகளிலும் தடையில்லாமல் போய்வர வழி இருக்க வேண்டும் என்கிறது. வாசலில் சாய்தளம் போட்டுவிட்டால் சட்டம் நிறைவேறிவிட்டது என்று எல்லோரும் நம்புகிறார்கள். உள்ளே இருக்கும் தட்டும் ஸ்டூலும் யார் கணக்கிலும் வருவதில்லை.

வலது மார்பில் இரண்டு கட்டிகள், இரண்டு வேறு இடங்களில். ஒன்றுதான் இருந்திருந்தால் அதை மட்டும் எடுத்துவிட்டுக் கதிர்வீச்சு கொடுத்திருக்கலாம். இரண்டு என்பதால் முழு மார்பையும் எடுப்பதுதான் நல்லது என்றார்கள். சரி என்றேன். என் சண்டை கக்கத்தைப் பற்றியது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்காவில் வில்லியம் ஹால்ஸ்டெட் என்ற அறுவை மருத்துவர் மார்போடு அதன் அடியில் இருக்கும் நெஞ்சுத் தசைகளையும், கக்கத்தின் நெறிக்கட்டிகள் அத்தனையையும் சேர்த்து வழித்தெடுக்கும் முறையைக் கொண்டுவந்தார். முக்கால் நூற்றாண்டுக்கு அதுதான் வேதம். அந்தக் காலத்தில் இந்த நோய் வந்திருந்தால் எனக்கு மார்போடு நடையும் போயிருக்கும். இன்றைக்குத் தசையை விட்டுவிடுகிறார்கள். கக்கத்தில் மட்டும் நெறிக்கட்டிகளை மொத்தமாக எடுப்பது இன்னும் பல இடங்களில் வழக்கம். அப்படி எடுத்தால் கையிலிருந்து நிணநீர் வடிகிற பாதை அடைபட்டுக் கை வீங்க வாய்ப்புண்டு. வந்தால் ஆயுளுக்கும் இருக்கும். பாரம் தூக்காதீர்கள், அந்தக் கையில் ஊசி போட விடாதீர்கள் என்பார்கள். நான் தூக்குகிற பாரம் என் உடம்பு. அதை எங்கே இறக்கி வைப்பது?

வேறு வழி இருக்கிறது. மார்பில் நீலச் சாயத்தைச் செலுத்தினால் அது முதலில் போய்ச் சேரும் நெறிக்கட்டி எது என்று தெரியும். அதையும் பக்கத்தில் இருக்கும் ஒன்றிரண்டையும் மட்டும் எடுத்துச் சோதிப்பார்கள். அவற்றில் புற்று இல்லையென்றால் மற்றவற்றைத் தொட வேண்டியதில்லை. ஸ்கேனில் என் கக்கம் சுத்தமாகத்தான் தெரிந்தது. "இங்க வழக்கமா முழுசா எடுத்திடுவோம்மா, அதுதான் சேஃப்" என்றார் அந்த மருத்துவர். நான் எழுந்து, கட்டைகளை ஊன்றி, அவருடைய அறைக்குள்ளேயே நாலு எட்டு நடந்து காட்டினேன். கக்கத்தில் கட்டையின் மேல்பட்டை உட்காரும் இடத்தைச் சேலையை விலக்கிக் காட்டினேன். 45 வருடத்தில் அங்கே தோல் காய்த்துப்போய்க் கருத்திருக்கும். பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு நீலச் சாயத்துக்கு ஒப்புக்கொண்டார். அந்த வகையில் நல்ல மனிதர்தான்.

அதே நல்ல மனிதர்தான் அடுத்த ஐந்து நிமிடத்தில் என் அக்காவைப் பார்த்துச் சொன்னார்: "மார்பைத் திரும்ப உருவாக்குற சர்ஜரி எல்லாம் இருக்கு. ஆனா இவங்களுக்கு அது தேவைப்படாது."

இவங்களுக்கு. நான் அக்காவுக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். அக்காவும் தலையை ஆட்டினாள். வெளியே வந்ததும், "நானும் அதத்தான் நெனச்சேன். உனக்கென்ன புருஷனா புள்ளையா, எதுக்குடி இன்னொரு ஆபரேஷன்" என்றாள். அவள் என்மேல் உயிரையே வைத்திருப்பவள். இந்த மாதிரிப் பேச்சு பெரும்பாலும் உயிரை வைத்திருப்பவர்களிடமிருந்துதான் வருகிறது.

அன்று அதே வரிசையில் முப்பதைக் கொஞ்சம் தாண்டிய ஒரு பெண் கணவரோடு உட்கார்ந்திருந்தாள். அவர்களை உள்ளே அழைத்து முக்கால் மணி நேரம் பேசினார்கள். சிலிக்கான், வயிற்றுச் சதை, முதுகுச் சதை, படம் போட்ட புத்தகம். கேள்விகளைக் கேட்டது கணவர், பதில் போனதும் அவருக்கு. கேன்டீனில் அவள் என்னிடம், "எனக்கு இருக்கிறத எடுத்துட்டு வீட்டுக்கு விட்டாப் போதுங்க்கா" என்றாள். அவளிடமும் யாரும் கேட்கவில்லை. அவளுக்குத் தேவை என்று முடிவு செய்தார்கள், எனக்குத் தேவையில்லை என்று முடிவு செய்தார்கள். இரண்டுக்கும் அளவுகோல் ஒன்றுதான்: பார்ப்பதற்கு வீட்டில் ஓர் ஆண் இருக்கிறானா?

மதுரைக்காரிக்கு இந்த அளவுகோல் புதிது இல்லை. எங்கள் ஊர் ராணி தடாதகை மூன்று முலைகளோடு பிறந்தவள். கணவனாக வரப்போகிறவனைப் பார்த்ததும் மூன்றாவது மறைந்தது என்று புராணம். சிறுவயதில் பாட்டி இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு ஒரு சந்தேகம் வரும். அவள் கைலாயத்துக்குப் போகாமலே இருந்திருந்தால்? மூன்றோடும் நாட்டை ஆண்டுகொண்டுதானே இருந்தாள்? ஒரு பெண்ணின் உடம்பில் எது கூடுதல், எது குறைவு என்று கணக்குப் பார்க்க எப்போதும் ஒரு மாப்பிள்ளை வந்து நிற்க வேண்டியிருக்கிறது.

முலை என்ற சொல்லை நான் வேண்டுமென்றேதான் எழுதுகிறேன். மருத்துவமனையில் அது மார்பு, செஸ்ட், பிரெஸ்ட். வார்டில் இருந்த பெண்கள் "நெஞ்சுல கட்டி" என்றார்கள். 2002-ல் குட்டி ரேவதி தன் கவிதைத் தொகுப்புக்கு 'முலைகள்' என்று பெயர் வைத்ததற்காக எத்தனை வசவு வாங்கினார் என்பது இதைப் படிக்கிறவர்களில் பலருக்குத் தெரியும். சொல்லவே கூசுகிற ஒன்றை எடுத்த பிறகு அது இல்லாமல் போனதற்கு எப்படித் துக்கப்படுவது?

எனக்குத் துக்கம் இருந்தது. அதைக் கொஞ்சம் விளக்கிச் சொல்ல வேண்டும்.

என் உடம்பில் எதுவும் ஜோடியாக இல்லை. ஒரு கால் இன்னொன்றைவிட ஐந்து சென்டிமீட்டர் குட்டை. இடுப்பு ஒரு பக்கம் ஏறியிருக்கும். முதுகெலும்பு வளைந்து, ஒரு தோள் தூக்கலாக இருக்கும். ஏழு வயதிலிருந்து பதினாறு வயதுக்குள் நான்கு அறுவை சிகிச்சைகள். தசைநாரை நீட்டினார்கள், இடம் மாற்றினார்கள், எலும்பை வெட்டிச் சேர்த்தார்கள். அரைக்கால் சட்டையோடு என்னை மேடையில் நடக்கவிட்டு மாணவர்களுக்குப் பாடம் எடுத்தார்கள். இப்படி ஊரார் கைபட்ட உடம்பில், பதின்மூன்று வயதில், யாருடைய உதவியும் இல்லாமல், யாரும் திருத்தாமல், இரண்டு பக்கமும் ஒரே மாதிரியாக வளர்ந்தவை முலைகள் மட்டும்தான். குளியலறைச் சுவரில் சாய்ந்துகொண்டு நான் அவற்றைப் பார்த்திருக்கிறேன். கேஸ் ஷீட்டில் இடம்பெறாத உறுப்பு. பிற்பாடு அவற்றைத் தொட்டவர் ஒருவர் இருந்தார். அவரைப் பற்றி இந்தக் கட்டுரைக்கு இவ்வளவு போதும்.

ஆகவே, எனக்கு அது திரும்ப வேண்டும். ரவிக்கைக்காக அல்ல, அலுவலகத்தில் பார்க்கிறவர்களுக்காக அல்ல. எனக்கு. இதை அக்காவிடம் சொன்னபோது அவள் அழுதாள். பிறகு அவள்தான் வேறொரு மருத்துவமனையில் பிளாஸ்டிக் சர்ஜனைப் பார்க்க நேரம் வாங்கினாள்.

அந்த மருத்துவர் ஒரு பெண், நாற்பது வயதுக்குள் இருக்கும். முதலில் எல்லாவற்றையும் விளக்கினார். சிலிக்கான் வைப்பது ஒரு வழி. 1962-ல் அமெரிக்காவின் ஹூஸ்டனில் முதல்முதலாக ஒரு பெண்ணுக்கு வைத்ததிலிருந்து இருக்கும் முறை. நெஞ்சுத் தசைக்கு அடியில் ஒரு பையை வைத்து, வாரக்கணக்கில் உப்புநீர் ஏற்றித் தோலை விரித்து, பிறகு நிரந்தரமானதை வைப்பார்கள். ஆயுளுக்கும் அதுவே போதும் என்றும் இல்லை, சில வருடங்களில் மாற்ற வேண்டி வரலாம். எனக்குப் பிரச்சினை அந்தத் தசைதான். கட்டையை உடம்போடு இறுக்கிப் பிடிப்பதற்கும் ஊன்றி எழுவதற்கும் நெஞ்சுத் தசை வேலை செய்கிறது. அதைத் தூக்கி, அடியில் ஒன்றை வைத்துத் தைத்தால் எவ்வளவு பலம் மிஞ்சும் என்று அவரால் உறுதி சொல்ல முடியவில்லை. தசைக்கு மேலேயே வைக்கும் முறையும் உண்டு, அதற்குத் தோலும் கொழுப்பும் தடிமனாக இருக்க வேண்டும். என் நெஞ்சில் அது இல்லை.

பிறகு என் முதுகைப் பார்க்க வேண்டும் என்றார். சேலையை இறக்கினேன். இரண்டு கைகளாலும் என் முதுகின் பக்கவாட்டில் அழுத்திப் பார்த்தார். "அடேயப்பா" என்றார். உண்மையிலேயே சந்தோஷப்பட்டார். "இவ்வளவு நல்ல தசையை நான் பார்த்ததே இல்லம்மா. எப்படி இவ்வளவு பெருசா இருக்கு? இத வச்சு உங்களுக்கு அருமையா செய்யலாம்."

முதுகின் இரண்டு பக்கமும் இடுப்பிலிருந்து விசிறிபோல மேலேறி, கக்கத்துக்கு அடியில் ஒடுங்கி, மேற்கையின் எலும்பில் போய்ச் சேர்கிற தசை அது. இத்தாலியில் இகினியோ டான்சினி என்ற அறுவை மருத்துவர் 1906-லேயே இந்தத் தசையைத் தோலோடு முன்பக்கம் திருப்பி, மார்பு எடுத்த இடத்தை மூடலாம் என்று எழுதினார். அடைக்காதே, அழகுபார்க்காதே என்ற ஹால்ஸ்டெட் கூட்டத்தின் செல்வாக்கில் அது மறந்துபோய், 1970களில்தான் திரும்ப வந்தது. ரத்தக் குழாயை அறுக்காமல் திருப்பலாம் என்பதால் நம்பகமான முறை. நடமாட்டம் உள்ள பெண்களுக்கு அந்தத் தசை போனால் அன்றாட வேலையில் பெரிய வித்தியாசம் தெரியாது, தோளின் மற்ற தசைகள் ஈடுகட்டிவிடும் என்கிறார்கள். நீந்துகிறவர்களும் மலையேறுகிறவர்களும் மட்டும் யோசிக்க வேண்டும்.

அது எப்படி இவ்வளவு பெரிதானது என்று எனக்குத் தெரியும். ஆறு வயதில் ஃபிசியோதெரபிஸ்ட் இரண்டு மரக்கட்டைகளைக் கொடுத்து அனுப்பினார். தரையில் உட்கார்ந்து, இரண்டு பக்கமும் கட்டைகளை வைத்து, கைகளை ஊன்றிப் பிட்டத்தைத் தரையிலிருந்து தூக்க வேண்டும். காலையில் ஐம்பது, சாயங்காலம் ஐம்பது. அம்மா அரிசி புடைத்துக்கொண்டே எண்ணுவாள். நான் ஏமாற்றினால் அவளுக்குத் தெரிந்துவிடும், எண்ணிக்கை நாற்பதிலேயே நிற்கும். கால் செத்த பிள்ளைக்கு அம்மா எண்ணி எண்ணி வளர்த்துக் கொடுத்த தசை அது.

"அதை எடுத்துட்டா நான் எப்படி எந்திரிப்பேன் டாக்டர்?" என்றேன்.

அவர் யோசித்தார். பிறகு செய்த காரியத்துக்காக அவரை எப்போதும் நினைத்துக்கொள்வேன். "எந்திரிங்க, பார்க்கிறேன்" என்று என் முதுகில் கையை வைத்துக்கொண்டார். நான் நாற்காலியின் கைப்பிடிகளை ஊன்றி எழுந்தேன். அவர் கைக்கு அடியில் அந்தத் தசை இறுகி எழும்பியது. மறுபடி உட்காரச் சொன்னார், மறுபடி எழச் சொன்னார். மூன்று தடவை. "நான் இதத் தொட மாட்டேன்" என்றார்.

மிச்சம் இருந்தது வயிறு. வயிற்றின் நடுத்தசையோடு சதையை எடுக்கும் முறை ஒன்று 1982-லிருந்து இருக்கிறது. இடுப்பில் பலமில்லாத நான் நாற்காலியில் சாயாமல் உட்கார்ந்திருப்பதே அந்தத் தசையின் தயவில்தான். அதனால் அதுவும் முடியாது. தசையை விட்டுவிட்டுத் தோலையும் கொழுப்பையும் மட்டும் ரத்தக் குழாயோடு எடுத்து, நெஞ்சில் வைத்து, மைக்ரோஸ்கோப்பில் பார்த்துக் குழாய்களை இணைக்கிற புதிய முறை உண்டு. எட்டு மணி நேரம் போல ஆகும். போலியோ வந்தவர்களுக்குத் தசையைத் தளர்த்தும் மயக்க மருந்துகளில் கூடுதல் கவனம் வேண்டும், முதுகு வளைந்திருப்பதால் நுரையீரலையும் பார்க்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேல், வயிற்றுத் தையல் ஆறும்வரை கையை ஊன்றி உடம்பைத் தூக்கவே கூடாது. மற்றவர்கள் சில நாள் குனிந்தபடி நடப்பார்கள். நான் நடக்க முடியாது, புரள முடியாது, கழிப்பறைக்குப் போக முடியாது. "முதல்ல புற்றுநோயை முடிப்போம். இதப் பின்னாலகூடச் செய்யலாம், கதவு மூடிடாது" என்றார்.

அப்படித்தான் மார்பைத் திரும்ப உருவாக்காமல் அறுவை சிகிச்சை நடந்தது. முதல் மருத்துவர் சொன்ன இடத்துக்கே வந்து சேர்ந்தேன். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டுக்கும் ஒரு வித்தியாசமும் தெரியாது. கேஸ் ஷீட்டிலும் ஒரே வரிதான்: மறுஉருவாக்கம் செய்யப்படவில்லை. ஆனால் அவர் எனக்கு இழப்பதற்கு ஒன்றுமில்லை என்று நினைத்து அதை எழுதினார். நான் மார்பையும் நடையையும் இரண்டு தட்டில் வைத்துப் பார்த்து, நடையை எடுத்துக்கொண்டேன். விட்டது பெரியது.

இதை யாருக்கும் புரியவைக்க முடியவில்லை. உறவினர்கள் "புத்திசாலித்தனமான முடிவு" என்றார்கள். பெண்ணிய வாசிப்புக் குழுவில் இருக்கும் தோழிகள் வேறு மாதிரி மகிழ்ந்தார்கள். ஒருத்தி, "நீங்கதான் எங்க ஆட்ரி லார்ட்" என்று கட்டிக்கொண்டாள். லார்டை நான் படித்திருக்கிறேன். 1978-ல் ஒரு மார்பை எடுத்த பிறகு அவருக்கு நடந்ததை 1980-ல் வந்த 'தி கேன்சர் ஜர்னல்ஸ்' நூலில் எழுதியிருக்கிறார். நலம் விசாரிக்க வந்த தன்னார்வப் பெண் ஆட்டு ரோமம் அடைத்த பொய்மார்பைக் கொண்டுவந்து கொடுக்கிறாள். கறுப்பினப் பெண்ணான அவருக்கு வெளிர் சிவப்பு நிறத்தில். அதை வைத்துக்கொள்ளாமல் மருத்துவரைப் பார்க்கப் போனபோது, மற்ற நோயாளிகளின் மன உறுதி குலையும் என்று செவிலி கண்டிக்கிறாள். யாருடைய கண்ணுக்காக நாம் இரண்டோடு தெரிய வேண்டும் என்று அவர் கேட்டது நியாயமான கேள்வி. எனக்கு அவர்மேல் பெரிய மரியாதை.

ஆனாலும் என் நிலைமை வேறு. மறுப்பதற்கு முதலில் யாராவது அதை நீட்ட வேண்டும். லார்டுக்கு அந்தப் பொய்மார்பைத் திணித்தார்கள், அவர் தள்ளிவிட்டார். என் பக்கம் அதை யாரும் நீட்டவே இல்லை. ஊனமுள்ள பெண்ணுக்கு உடலாசை இருக்காது, அவள் உடம்பைப் பார்த்து அவளே மகிழ மாட்டாள் என்பது இங்கே எல்லோருக்கும் தெரிந்த உண்மைபோல நடக்கிறது. சின்ன வயதில் எனக்கு மட்டும் பொட்டும் பூவும் குறைவாக வைத்தார்கள், கல்யாண வீட்டில் என்னைப் பின் வரிசையில் உட்கார வைத்தார்கள். அப்படிப்பட்டவள் "எனக்கு மார்பு வேண்டும்" என்பதும் பெண்ணிய வாக்கியம்தான். தோழிகளிடம் இதைச் சொன்னேன். சிலர் யோசித்தார்கள். கட்டிக்கொண்டவள் மட்டும் கொஞ்சம் வருத்தப்பட்டாள்.

அறுவை சிகிச்சையில் மூன்று நெறிக்கட்டிகளை எடுத்தார்கள். மூன்றிலும் புற்று இல்லை. கதிர்வீச்சும் கீமோவும் தேவைப்படவில்லை, மாத்திரை மட்டும். அந்த மாத்திரை எலும்பின் அடர்த்தியைக் குறைக்கும். போலியோக் கால் எலும்பு ஏற்கெனவே மெலிந்தது என்பதால் அதற்குத் தனியாகச் சுண்ணாம்புச் சத்தும் ஊசியும்.

கட்டையைத் தொடாமல் மூன்று வாரம் இருந்தேன். அக்காவுக்கு 58 வயது, இடுப்பில் டிஸ்க் பிரச்சினை. கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு ஒரு பலகையைச் சாய்த்து வைத்து, என்னை அதில் இழுத்துத் தள்ளுவாள். இரவில் நான் தண்ணீர் குடிப்பதைக் குறைத்தேன், அவளை எழுப்ப வேண்டாம் என்று. ஐம்பது வருடமாக யார் கையையும் எதிர்பார்க்காமல் இருக்கப் பழகிய உடம்பு அந்த மூன்று வாரத்தில் எடுத்த எடுப்பில் குழந்தையானது. நான்காவது வாரம் கக்கத்துக் கட்டையை விட்டு முழங்கைக் கட்டைக்கு மாறினேன். பாரம் கக்கத்தில் அழுந்தாமல் உள்ளங்கைக்கும் முன்கைக்கும் போகும். 45 வருடப் பழக்கத்தை மாற்றுவது லேசில்லை. சார் கருவூலத்தில் என் மேசைக்கும் பீரோவுக்கும் இடையில் இருக்கும் பன்னிரண்டு அடியைக் கடப்பதற்குள் ரவிக்கை நனைந்துவிடும்.

ரவிக்கை என்றதும் எங்கள் தெரு டைலரக்காவைச் சொல்லாமல் விட முடியாது. கட்டை உரசிக் கிழியும் என்று என் ரவிக்கைகளுக்குக் கக்கத்தில் இரட்டைத் துணி வைத்துத் தைப்பவர். கடையில் வாங்கிய சிலிக்கான் மார்பு மதுரை வெயிலில் வேர்த்து வழுக்கியது. கட்டையை ஊன்றித் தோளைத் தூக்கும்போதெல்லாம் கழுத்தை நோக்கி ஏறியது. அவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். வெட்கப்படவில்லை, உச்சுக்கொட்டவில்லை. "நடந்து காட்டுங்க" என்றார். பார்த்துவிட்டு, "நிக்கறப்ப அளவெடுத்தா ஆகாது, நீங்க ஊன்றப்ப அளவெடுக்கணும்" என்று டேப்பை எடுத்தார். பருத்தித் துணியில் உறை தைத்து, இலவம்பஞ்சு அடைத்து, அடியில் கனத்துக்குக் கொஞ்சம் கேழ்வரகை வைத்து, உள்பாடியோடு இரண்டு பக்கமும் முடிந்துகொள்கிற மாதிரி நாடா வைத்தார். துவைக்கும்போது கேழ்வரகை மாற்ற வேண்டும், முளைத்துவிடும். அலுவலகத்துக்குச் சில நாள் அதை வைத்துக்கொண்டு போகிறேன், சில நாள் இல்லாமல்.

போன மாதம் பிளாஸ்டிக் சர்ஜனை மறுபடி பார்த்தேன். கேள்விகளை நோட்டில் எழுதிக்கொண்டு போயிருந்தேன். என் வயிற்றைக் கிள்ளிப் பார்த்து, "இது தாராளமா இருக்கு" என்று சிரித்தார். எத்தனை வாரம் கை ஊன்றக் கூடாது என்று கேட்டேன். குறைந்தது ஆறு, எட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள் என்றார். தூக்குவதற்கு ஆள் யார், வீட்டில் கம்பியில் தொங்கும் லிஃப்ட் மாதிரி எதையாவது பொருத்த முடியுமா, படுத்தபடியே தோள் தசை வாடாமல் இருக்க என்ன பயிற்சி என்பதையெல்லாம் ஃபிசியோதெரபிஸ்டோடு உட்கார்ந்து பேசலாம் என்றார். மயக்க மருத்துவர் நுரையீரல் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார், எடுத்துவிட்டேன், பரவாயில்லை. அக்காவிடம் இன்னும் முழுதாகச் சொல்லவில்லை. என் பணிப்பதிவேட்டில் ஈட்டிய விடுப்பு 200 நாளுக்கு மேல் இருக்கிறது. விண்ணப்பத்தை எழுதி மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன், தேதி போடவில்லை.